வேலை இங்கிலீஷ் வருது, வெட்டிப் பேச்சு இங்கிலீஷ் வரல

நெல்லை_நர்ஸ்:
எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்துல நாட்டிங்ஹாம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸ். ஊர்ல ஓஇடிங்கிற மருத்துவத் துறைக்கான இங்கிலீஷ் பரீட்சை எழுதி, இங்க வந்து ஆஸ்கிங்கிற செய்முறைத் தேர்வும் முடிச்சு, நர்ஸ் பதிவுக்கான பின் நம்பர் வாங்கி வார்டுல இருக்கேன். பேஷன்ட்கிட்ட பேசுறதுக்குக் கஷ்டமே இல்ல. ஷிஃப்ட் மாறுறப்ப ஹேண்டோவர் குடுப்பேன், டாக்டர்கிட்ட பேசுவேன், பேஷன்ட்டோட சொந்தக்காரங்க கோவமா வந்து நின்னாக்கூட சமாளிச்சிருவேன்.

பிரச்சினை டீ ரூம்லதான். காலையில உள்ள வர்றவங்க "யூ ஆல்ரைட்?"னு கேப்பாங்க. நான் ஸ்கூல்ல படிச்ச மாதிரி "ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ, ஹவ் ஆர் யூ?"ன்னு முடிக்கிறதுக்குள்ள லாக்கர்ல பையை வச்சிட்டுப் போயிருவாங்க. புது ஆளா இருந்தா பேரு, ஊரு, எந்த வார்டுன்னு சொல்லுவேன். அதுக்கப்புறம் ரெண்டு பேருமா கெட்டில் கொதிக்கிறதைப் பாத்துட்டு நிப்போம்.

ஊர்ல எனக்கு வாயாடின்னு பேரு. இங்க மேனேஜர் "ஷி'ஸ் வெரி குவைட்"ங்கிறாங்க. சிரிக்கவா அழவான்னு தெரியல. எப்படி ஆரம்பிக்க, என்னத்தைப் பேச? இலக்கணம் வேண்டாம், பழகினவங்க சொல்லுங்க.

பாதி_டீ:
இங்கிலீஷ் சீரியல் பாருங்க சிஸ்டர், சப்டைட்டிலோட. தானா வரும்.

நெல்லை_நர்ஸ்:
பாத்துட்டுத்தான் இருக்கேன். அதுல எல்லாரும் கொலைகாரனைத் தேடிட்டு இருக்காங்க. டீ ரூம்ல அதைப் பேச முடியாதுல்லா.

சேலத்துக்காரி:
தங்கச்சி, நான் யார்க்ஷயர்ல இதே வேலையில ரொம்ப வருஷமா இருக்கேன். பெருசா எழுதுறேன், பொறுமையா படி.

முதல்ல அந்த "யூ ஆல்ரைட்". அது கேள்வியே இல்ல. நம்ம தெருவுல பையோட போறவங்களைப் பாத்து "என்ன, கடைக்கா?"ன்னு கேக்குறோம். கடைக்குத்தான் போறாங்கன்னு நமக்கே தெரியும். அவங்களும் "ஆமாக்கா"ன்னுட்டு நிக்காமப் போவாங்க. யாராவது நின்னு மளிகை லிஸ்ட் படிச்சா எப்படி இருக்கும்? நீ அதைத்தான் பண்ணிட்டு இருக்க. "யா, யூ?" அவ்வளவுதான் பதில். நடந்துக்கிட்டே சொல்லலாம். தலைவலி மண்டையைப் பொளந்தாலும் இதேதான். கொஞ்சம் நின்னு பேசுற ஆளா இருந்தா "நாட் டூ பேட்"னு சொல்லு, அதுக்கு மேல வேண்டாம்.

ரெண்டாவது, பேரு ஊரு வார்டு மூணையும் ஒரே மூச்சுல கொட்டிட்டா எதிராளி என்னத்தைப் பேசுவாங்க? "ஓ, லவ்லி"ன்னு சொல்லிட்டு அவங்களும் கெட்டிலைத்தான் பாக்கணும். பேரை மட்டும் சொல்லு. கூடவே ஒண்ணைத் திருப்பிக் கேளு. "ஐ'ம் நியூ ஆன் திஸ் வார்டு. ஹேவ் யூ பீன் ஹியர் லாங்?" இந்தக் கடைசிக் கேள்வி ஒண்ணு போதும். பழைய ஆளுங்களுக்கு இதை யாராவது கேட்டா அவ்வளவு சந்தோஷம். முன்னாடி இருந்த சிஸ்டர் எப்படி, எந்த வார்டை மூடினாங்க, ரோட்டா, அதான் ஷிஃப்ட் பட்டியல், எப்படிக் கெட்டுப் போச்சுன்னு அவங்களே பேசிருவாங்க. உனக்கு வேலை "ரியலி?"ன்னு சொல்றது மட்டும்தான்.

வார்டுல எப்பவும் ஓடுற கேள்வின்னா: "ஆர் யூ ஆன் டுமாரோ?" "டிட் யூ கெட் யுவர் பிரேக்?" லீவ் பத்திக் கேட்டா எல்லாருக்கும் முகம் மலரும். "எனி லீவ் கமிங் அப்? கோயிங் எனிவேர் நைஸ்?"னு கேட்டுட்டு டீயைக் குடி, பாத்துக்கலாம்.

வானிலையைக் கிண்டல் பண்ணாத. "பிட் சில்லி டுடே, இஸின்ட் இட்?"னா நம்ம "குளிருதுல்ல?" தான். அந்த "ல்ல"வுக்கு என்ன பதில் சொல்லுவோம்? "ஆமா ஆமா." இங்கயும் அதேதான். "இல்லையே, நேத்துதான் ஜாஸ்தி"ன்னு நீ தெர்மாமீட்டர் வச்சுப் பேசினா பேச்சு அங்கயே படுத்துரும்.

உங்க ஏரியாவுல "மீ டக்"னு கூப்பிடுவாங்க. வாத்துன்னு திட்டுறாங்கன்னு நினைச்சுக்காத, அது பிரியம். எங்க பக்கம் "லவ்", நியூகாசில் போனா "பெட்". ஆம்பிளை பஸ் டிரைவர்கூட அப்படித்தான் சொல்லுவார். அப்புறம், "வாட் ஆர் யூ ஹேவிங் ஃபார் யுவர் டீ?"ன்னு யாராவது கேட்டா பால் ஊத்தவா வேண்டாமான்னு கேக்கல. மிட்லாண்ட்ஸ்லயும் வடக்கேயும் டீன்னா சாயந்திரச் சாப்பாடு. நீ என்ன சமைக்கப் போறன்னு சொல்லு. ரசம்னு சொல்லிப் பாரு, அரை மணி நேரம் ஓடும்.

கோடு_எழுதுறவன்:
எனக்கு இதுல உடன்பாடு இல்லக்கா. நான் சென்னையிலேர்ந்து அமெரிக்க கிளையன்ட்டோட ஆன்லைன் மீட்டிங்ல உக்கார்றவன். திங்கக்கிழமை ஆனா "ஹவ் வாஸ் யுவர் வீக்கெண்ட்?" ஆளுங்க ஒவ்வொருத்தரா சேர்ற வரைக்கும் இதை ஓட்டணும்னு எங்க டீம்ல ஒரு பேப்பரே குடுத்தாங்க. அங்க என்ன வெதர், எந்த பேஸ்பால் டீம் ஜெயிச்சதுன்னு பாத்துட்டுப் போகணுமாம். எனக்கு பேஸ்பால்ல எத்தனை பேர் ஆடுவாங்கன்னே தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசுறது பொய்தானே? கேக்குறவனுக்கும் புரியும், சொல்றவனுக்கும் புரியும். அதுக்கு மியூட்ல இருந்துட்டுப் போகலாம்.

சேலத்துக்காரி:
பேஸ்பால் பேசச் சொன்னவங்க தப்புதான் தம்பி. ஆனா மியூட்ல இருந்தா இவங்களுக்கு நடந்தது உனக்கும் நடக்கும். குவைட்னு பேரு வச்சிருவாங்க. அப்ரைசல்ல அதுதான் வந்து நிக்கும்.

கோடு_எழுதுறவன்:
முழுசா மியூட்ல இருக்கலக்கா. ஒரு தடவை பொங்கல் லீவுக்கு எங்க போறன்னு கேட்டாங்க. மதுரைப் பக்கம் தாத்தா ஊரு, ஜல்லிக்கட்டு நடக்கும்னேன். அதுக்கப்புறம் அந்த மேனேஜர் எந்த மீட்டிங் வந்தாலும் மாட்டைப் பத்திக் கேக்காம ஆரம்பிக்க மாட்டார். நான் சொல்ல வந்தது இதுதான். அவங்க விஷயத்தை மனப்பாடம் பண்ணிட்டுப் போறதுக்கு நம்ம விஷயத்தை நாலு வரி ஒழுங்கா சொல்லப் பழகலாம். கேக்குறவங்களுக்கும் அதுதான் புதுசு.

மதுரை_மிஸ்:
ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்துறவ நான். ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்னு சொல்லிட்டு நழுவ மாட்டேன். கோடு தம்பி சொல்றதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா முதல் ரெண்டு வரி மனப்பாடம் இருந்தே ஆகணும். வாய் உலர்ந்து நிக்கிறப்ப யோசிச்சு வாக்கியம் அமைக்க யாராலயும் ஆகாது.

நம்ம பிள்ளைங்க மனப்பாடம் பண்றது வேற அறிமுகம். காலேஜ் பிளேஸ்மென்டுக்குன்னு ஒரு அச்சு இருக்கு. "மைசெல்ஃப் இன்னார், ஐ ஆம் கமிங் ஃப்ரம் விருதுநகர், மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர், மை மதர் இஸ் எ ஹோம் மேக்கர், மை ஹாபி இஸ் லிசனிங் டு மியூசிக், மை ஸ்ட்ரென்த் இஸ் ஹார்ட் ஒர்க்." இதை இன்டர்வியூவுலயே இப்ப யாரும் ரசிக்கிறதில்ல, டீ ரூம்ல சொன்னா எப்படி? "மைசெல்ஃப்" வேண்டாம், "ஐ'ம்" போதும். அப்பா என்ன பண்றார்னு அவங்க கேக்கவே இல்லையே.

நெல்லை நர்ஸ், உங்களுக்கு இன்னொண்ணு. ஓஇடி ஸ்பீக்கிங்ல ரெண்டு ரோல் ப்ளே, ஒவ்வொண்ணும் அஞ்சு நிமிஷம் போல. அதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் வார்ம் அப்னு ஒண்ணு நடந்திருக்கும். எங்க வேலை பாக்குறீங்க, ஏன் நர்ஸிங் எடுத்தீங்கன்னு சும்மா கேப்பாங்க. அதுக்கு மார்க் கிடையாது. மார்க் இல்லாததால எந்தக் கோச்சிங்லயும் அதைச் சொல்லித் தர மாட்டாங்க, "அதை விடுங்க, ரோல் ப்ளேக்கு வாங்க"ம்பாங்க. ரோல் ப்ளேல பாஸ் பண்ணித்தான் நீங்க வார்டுல வெளுத்து வாங்குறீங்க. டீ ரூம்ல நடக்குறது முழுக்க அந்த வார்ம் அப். உங்களுக்குப் பயிற்சியே குடுக்காத ஒண்ணு வரலைன்னு உங்களை நீங்களே குறை சொல்லாதீங்க.

ஐஇஎல்டிஎஸ் கதை வேற. அங்க ஸ்பீக்கிங் முதல் பகுதியே நாலஞ்சு நிமிஷம் ஊரு, வீடு, வேலைன்னு போகும், அதுக்கு மார்க்கும் உண்டு. ஆனா ஒப்பிச்சா எக்ஸாமினர் கண்டுபிடிச்சிருவாங்க. சட்டுன்னு கேள்வியை மாத்துவாங்க.

நெல்லை_நர்ஸ்:
மிஸ், நிஜமாவே வார்ம் அப்ல நான் என்ன சொன்னேன்னே ஞாபகம் இல்ல. ரோல் ப்ளே கார்டு எப்ப வரும்னுதான் இருந்தது.

ஈஸ்ட்ஹாம்_அண்ணை:
எல்லாரும் ரெண்டாவது வசனத்தைப் பற்றிக் கதைக்கிறியள். முதல் வசனத்திலையே எங்கட சனத்துக்குச் சிக்கல் இருக்கு. பேர். தங்கச்சி, உங்கட பேரை நீங்களே சுருக்கிச் சொல்லிப் போடுங்கோ. விட்டால் அவங்கள் தங்கட பாட்டுக்குச் சுருக்குவாங்கள், பிறகு ஓய்வெடுக்கும் வரைக்கும் அதுதான் பேர். மெதுவா, ரெண்டாய்ப் பிரிச்சுச் சொல்லோணும். சொன்னாப் பிறகு அவங்களை ஒருக்காச் சொல்லச் சொல்லுங்கோ, கோபிக்க மாட்டாங்கள்.

மற்றது, எங்கட ஆக்களிலை கனபேருக்கு பாஸ்போர்ட்டிலை அப்பாவின்ரை பேர்தான் சர்நேம். நான் வேலைக்குச் சேர்ந்த இடத்திலை எல்லாக் கடிதமும் அப்பாவின்ரை பேருக்குத்தான் வரும். "டியர் மிஸ்டர்" போட்டு. அப்பா யாழ்ப்பாணத்திலை இருந்து கேப்பார், எனக்குச் சம்பளம் கூட்டினவங்களோ எண்டு.

கோடு_எழுதுறவன்:
அண்ணே 😂 அமெரிக்கா இன்னும் மோசம். பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டத்தைக் காலியா விட்டுட்டு ஒத்தைப் பேரா போனா, விசாவுல நம்ம பேரு சர்நேம் ஆயிரும், முதல் பேருக்கு எஃப்என்யூன்னு அடிச்சுருவாங்க. ஃபர்ஸ்ட் நேம் அன்னோன். எங்க கம்பெனியிலேர்ந்து போன ஒருத்தரை அங்க ரிசப்ஷன்ல "ஹாய் ஃப்னு"ன்னு கூப்பிட்டாங்களாம்.

சேலத்துக்காரி:
பேருன்னதும் சொல்லணும். வார்டுல மஞ்சள் பேட்ஜ் பாத்திருப்ப, "ஹலோ மை நேம் இஸ்"னு பெரிய எழுத்துல. அதுக்குப் பின்னால ஒரு டாக்டர் இருக்காங்க. கேட் கிரேஞ்சர்னு பேரு, எங்க யார்க்ஷயர்க்காரங்க, முதியோர் மருத்துவம். அவங்களுக்கே குணமாகாத கேன்சர். 2013-ல பேஷன்ட்டா படுத்திருக்கிறப்ப, வந்து பாக்குற ஸ்டாஃப்ல பல பேரு தன் பேரைக்கூடச் சொல்லாம வேலையைப் பாத்துட்டுப் போறதைக் கவனிச்சாங்க. அதை ட்விட்டர்ல எழுதி ஆரம்பிச்சதுதான் இந்த இயக்கம். 2016-ல போயிட்டாங்க, 34 வயசுதான். இங்கிலீஷ்லயே பிறந்து வளர்ந்த ஊர்ல, பேரைச் சொல்லிட்டு ஆரம்பிங்கன்னு ஒருத்தங்க போராட வேண்டியிருந்திருக்கு. நமக்கு மட்டும்தான் இதெல்லாம் வரலைன்னு நினைக்கிறப்ப எனக்கு இவங்க ஞாபகம் வரும்.

வெட்டி_ஆராய்ச்சி:
கொஞ்சம் மூக்கை நுழைச்சுக்கிறேன். செய்தி சொல்றதுக்காக இல்லாம, சேர்ந்திருக்கிறதுக்காகப் பேசுற இந்தப் பேச்சுக்கு 1923-லயே மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி ஃபேட்டிக் கம்யூனியன்னு பேரு வச்சுட்டார். பசிபிக்ல ட்ரோப்ரியாண்ட் தீவு மக்களோட தங்கியிருந்து ஆராய்ச்சி பண்ணினவர். ஐரோப்பிய வரவேற்பறையில நடக்குற பேச்சும் தீவுல ராத்திரி அடுப்பைச் சுத்தி நடக்குற பேச்சும் இந்த விஷயத்துல ஒண்ணுதான்னார். மௌனமா நிக்கிற அந்நியன் எதிரி மாதிரித் தெரியுவான், அதனாலதான் எதையாவது பேசி வைக்கிறோம்ங்கிறது அவர் கருத்து. ஆக கோடு தம்பி, அது பொய் இல்ல. அதுல உண்மை பொய் பாக்கவே கூடாது.

கோடு_எழுதுறவன்:
அடுத்த ஸ்டாண்டப் மீட்டிங்ல மலினோவ்ஸ்கியையே பேசிப் பாக்குறேன் சார்.

நெல்லை_நர்ஸ்:
சரி, எனக்கு ஒரு சந்தேகம். ஊர்ல பக்கத்து சீட்டுல உக்காந்தா என்ன கேப்போம்? எந்த ஊரு, கல்யாணம் ஆயிட்டா, எத்தனை பிள்ளைங்க, வீட்டுக்காரர் என்ன பண்றார். இது ஒண்ணையும் இங்க கேக்கக் கூடாதுங்கிறாங்க. எல்லாத்தையும் கழிச்சா மிச்சம் மழைதான் இருக்கு.

சேலத்துக்காரி:
கேக்கக் கூடாதுன்னு இல்ல, நீ முதல்ல கேக்காத. அவங்களா "மை டாட்டர்"னு ஒரு வார்த்தை விட்டா, "ஓ, ஹவ் ஓல்ட் இஸ் ஷி?"ன்னு தாராளமா பிடிச்சுக்கோ. அப்பதான் ஃபோனை எடுத்து போட்டோ காட்டுவாங்க. வீட்டுக்காரர்னு நீயா முடிவு பண்ணாத, "பார்ட்னர்"னு அவங்க சொன்னா நீயும் அதையே சொல்லு. சம்பளம் இன்னும் வேடிக்கை. சம்பளப் படிநிலையில பேண்ட் அஞ்சுக்கு எவ்வளவு, ஆறுக்கு எவ்வளவுன்னு இங்கத்த அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸே வெளியிடுது, இன்டர்நெட்ல போட்டா வந்துரும். ஆனாலும் யாரும் யாரையும் கேக்க மாட்டாங்க.

ஈஸ்ட்ஹாம்_அண்ணை:
இது வெள்ளைக்கார ஆக்களுக்கு. உங்கட வார்டிலை மலையாளப் பிள்ளையள், பிலிப்பைன்ஸ் பிள்ளையள் இருக்கும்தானே? அவையளிட்டைப் போய் நேரா "சாப்பிட்டாச்சோ" எண்டு கேளுங்கோ. பிலிப்பைன்ஸ் ஆக்களும் ஆளைக் கண்டவுடனை அதைத்தான் கேக்கிறவை. என்ரை மனிசி முதலிலை இங்கிலீஷ் கதைச்சுப் பழகினதே ஒரு பிலிப்பைன்ஸ் அக்காவோடைதான். ரெண்டு பேருக்கும் பிழை விடப் பயமில்லை.

மதுரை_மிஸ்:
இது நல்ல யோசனை. தாய்மொழியா பேசுறவங்ககிட்டத்தான் பழகணும்னு யார் சொன்னது?

பிளேஸ்மென்ட்_2கே:
மிஸ், எனக்கு அடுத்த வாரம் இன்டர்வியூ. மைசெல்ஃப் வேண்டாம்னா "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்"க்கு என்ன சொல்றது? அப்பா ஃபார்மர்னு சொல்லவே கூடாதா?

மதுரை_மிஸ்:
சொல்லலாம் தம்பி, அதுல உனக்கு ஒரு கதை இருந்தா. அப்பாவோட மோட்டார் ரூமுக்கு நீ ஏதாவது சர்க்யூட் பண்ணிக் குடுத்தியா? அப்படின்னா அப்பாவுல இருந்தே ஆரம்பி. சும்மா வரிசையில நிக்கிறதுக்காக அவரைக் கூப்பிடாத. உன் ப்ராஜெக்ட் ஒண்ணு, அதுல நீ செஞ்ச பங்கு, இந்த வேலை ஏன் வேணும். ஒரு நிமிஷத்துக்கு மேல போகாத. மத்ததுக்குத் தனி இழை போடு, இது நர்ஸ் அக்காவோட இடம்.

நெல்லை_நர்ஸ்:
இருக்கட்டும் மிஸ், தம்பி பேசட்டும். நேத்து நடந்ததைச் சொல்லிட்டுப் போறேன். நர்ஸுக்கு உதவியா இருக்கிற ஒரு ஹெச்சிஏ அம்மா, ஐம்பது வயசு இருக்கும். டீ ரூம்ல நாங்க ரெண்டு பேர்தான்.

"யூ ஆல்ரைட், டக்?"
"யா, யூ?"
"நாக்கர்ட்."

எனக்கு அந்தச் சொல்லு தெரியாது. ஆனா ஷூவைக் கழட்டிட்டு காலை எதிர் சேர்ல தூக்கிப் போட்டிருந்தாங்க. அதுக்கு மேல அர்த்தம் எதுக்கு?

"லாங் டே?"
"தேர்ட் ஒன் ஆன் த ட்ராட்."
"ஓ நோ. ஆர் யூ ஆஃப் டுமாரோ?"
"தேங்க் காட், யெஸ். ஆஃப் டு ஸ்கெகி."

ஸ்கெகின்னா யாரோ ஆளுன்னு நினைச்சு "ஹூ'ஸ் ஸ்கெகி?"ன்னு கேட்டேன். சிரிச்சாங்க பாருங்க, பிரேக் பூரா சிரிப்பு. ஸ்கெக்னெஸ்ங்கிற கடற்கரை ஊராம், அங்க ஒரு கேரவன் வச்சிருக்காங்களாம். நான் எங்க ஊர் திருச்செந்தூர்ல கடலை ஒட்டியே கோயில் இருக்குன்னு போட்டோ காட்டினேன். "இஸ் த சீ வார்ம்?"னு கேட்டாங்க. வெதுவெதுன்னு இருக்கும்னதும் அவங்க முகத்தைப் பாக்கணுமே.

சேலத்துக்காரி:
அட்ரா சக்கை. நாக்கர்ட்னா அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குங்கிறது. "ஆன் த ட்ராட்"னா தொடர்ந்து, மூணாவது நாளா. தோழிங்ககிட்ட சொல்லு, மேட்ரன்கிட்ட "டயர்ட்"னே சொல்லிக்கோ.

பாதி_டீ:
சீரியல்ல ஸ்கெகி வரல பாத்தீங்களா. நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்.

நெல்லை_நர்ஸ்:
அக்கா, நேர்ல ஆளோட மூஞ்சியைப் பாத்தா பாதி புரிஞ்சிருது. வார்டு ஃபோன் அடிச்சாத்தான் இன்னும் யாராவது எடுக்கட்டும்னு ட்ராலிக்குப் பின்னால போயிருறேன். அதுக்கு ஏதாவது வழி?

சேலத்துக்காரி:
ஃபோன்ல மட்டும் முழு அச்சும் வேணும், அங்க மிஸ் சொன்ன மனப்பாடம்தான். எடுத்ததும் வார்டு பேரு, உன் பேரு, ஸ்டாஃப் நர்ஸ்னு மூணையும் மெதுவா சொல்லு. நீ மெதுவா சொன்னா எதிர்ல இருக்கிறவங்களும் வேகத்தைக் குறைச்சுக்குவாங்க. அடுத்து "ஹூ'ஸ் காலிங், ப்ளீஸ்?" பேஷன்ட்டோட வீட்டு ஆளுன்னா அவங்க யாருன்னு நோட்ஸ்ல பாத்து உறுதி பண்ணாம ஒரு வார்த்தை சொல்லிராத. புரியலைன்னா "சாரி, இட்'ஸ் எ பேட் லைன், குட் யூ சே தட் அகெய்ன்?" லைன் நல்லாத்தான் இருக்கும், பரவால்ல. தேட நேரம் வேணும்னா "பேர் வித் மீ." பேரை எழுத்து எழுத்தா சொல்றப்ப நம்ம ஊர் மாதிரி எஸ் ஃபார் சேலம்னு சொல்லிராத, ஏ-க்கு ஆல்ஃபா, பி-க்கு பிராவோ, சி-க்கு சார்லின்னு இருக்கிற லிஸ்ட்டை ஒரு தாள்ல எழுதி ஃபோன் பக்கத்துல ஒட்டிரு. எங்க வார்டுல நான் ஒட்டினது இன்னும் இருக்கு, இப்ப வெள்ளைக்காரப் பிள்ளைங்களும் அதைப் பாத்துத்தான் சொல்லுதுங்க.